கருவடிக்குப்பத்துப் பொய்ச்சாவு

எங்கள் தெருவில் அதற்கு மில் இருமல் என்று பெயர். நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது மில்லுக்குப் போனார்கள்; வீட்டுக்கு ஒருவராவது இருமினார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பஞ்சு பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவன் நெஞ்சில் பஞ்சு அடைக்கும், அடைத்தால் இருமுவான், அவ்வளவுதான் என்றார்கள். மருந்தும் தெருவிலேயே இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் ஒரு வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் பஞ்சு வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும். வெல்லத்துக்கு அடங்காத பஞ்சைச் சாராயம் கரைக்கும். இந்த இரண்டாவது மருந்தைச் சொல்லும்போது ஆண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் யாருக்காவது இருமல் வந்துவிடும்.

என் அம்மா மில்லுக்குள் காலடி வைத்ததே இல்லை. அவளுக்கும் மில் இருமல்தான் என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

நான் பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறவள். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுவேன். என் வேலை கற்றுக்கொடுத்த பழக்கம் அது. பள்ளி இறுதி வகுப்பு முடித்து, தட்டச்சு படித்து, ஒரு நொத்தேர் அலுவலகத்தில் சேர்ந்தேன். பிரெஞ்சுக்காரன் போனாலும் நிலம், வீடு, உயில் என்று பத்திரம் எழுத இந்த ஊரில் இன்னும் நொத்தேரிடம்தான் போகிறவர்கள் உண்டு. பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது விலாசம். தெரு, கதவு எண், நான்கு பக்கத்து எல்லை. அதில் ஒன்று தப்பினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இதை எனக்கு அலுவலகத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் அதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தேன்.

அப்பா கார்டிங் பிரிவில் இருந்தார். பஞ்சை வாருகிற இயந்திரங்கள் ஓடுகிற இடம். மில்லிலேயே தூசு அதிகம். வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் இருமினார். அது எப்போது வெறும் தூசு இருமலாக இருந்து வேறொன்றாக மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. மாறியது என்பது மட்டும் உறுதி. கழுத்தெலும்பு துருத்தியது. சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. விடியும்போது தலையணை நனைந்திருக்கும். மில் மருந்தகத்துக் கம்பவுண்டர் பாட்டிலில் ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். யார் இருமினாலும் அதே தண்ணீர். நெஞ்சில் குழாய் வைத்துக்கூடப் பார்க்க மாட்டார் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகச் சொன்னார். நல்ல மனுஷன், நோண்ட மாட்டான் என்றார்.

நோண்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் எதிர்வீடு சாட்சி. அந்த வீட்டுக்காரர் நூற்புப் பிரிவில் நல்ல நிலையில் இருந்தவர். யாரோ படித்த சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு எக்ஸ்ரே எடுத்தார். டி.பி. என்று வந்தது. குணமாகிற வரை வீட்டில் இரு என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் நிற்பதற்கு எப்போதும் பதிலி ஆட்கள் மில் வாசலில் காத்திருப்பார்கள். அவர் இடத்தில் ஒரு பதிலி நின்றான். பிறகு அவனே நிரந்தரமானான். எதிர்வீட்டுக்காரர் குணமாகித் திரும்பிப் போனபோது அவருக்கு நிற்க இடமில்லை. கடைசியில் அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்றதைத் தெருவே பார்த்தது. அவர் உயிரோடு இருந்தார் என்பதைத் தெரு பார்க்கவில்லை. வேர்க்கடலையை மட்டும் பார்த்தது.

ஆகவே அந்தப் பயம் வெறும் பயம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பயத்துக்கு யாரைக் காவு கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி.

அம்மா இருமத் தொடங்கியது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது. அப்பா அதைக் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், மில் சட்டையைத் துவைக்கிறாள் அல்லவா, அதிலிருக்கிற பஞ்சு பறந்து அவளுக்கும் போயிருக்கும் என்று சொல்லி இன்னொரு பாட்டிலில் ரோஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். அப்பா வரும் வழியில் அவளுக்கும் சேர்த்து வெல்லம் வாங்கி வந்தார். அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, கன்னத்தில் வெல்லக்கட்டி புடைத்திருக்க, இருமிக்கொண்டு சோறு வடித்ததைப் பார்த்திருக்கிறேன். தெருப் பெண்கள் இந்த விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டினார்கள். தண்ணீரில் நனைத்துத் துவைக்கிற சட்டையிலிருந்து பஞ்சு எப்படிப் பறக்கும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் காசநோய் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மாலையில் காய்ச்சல், எடை குறைதல், விடாத இருமல். வாசித்ததும் எனக்கு எங்கள் வீடு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஊசியும் மாத்திரையும் இலவசம் என்று புத்தகத்தைக் காட்டி அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"எனக்கு இருக்குதுன்னு சொன்னா, யாருகிட்டேருந்து வந்துதுன்னு கேப்பாங்க. ஒங்கப்பாவ கூட்டியாரச் சொல்லுவாங்க. சேதி மில்லுக்குப் போவும். அப்புறம் அந்த மாத்திரையப் போட்டுதான் ஒல பொங்கணும். போ, போயி படி."

அவள் முட்டாள் இல்லை. எல்லாம் தெரிந்துதான் பேசினாள். அவளுடைய நெஞ்சைப் படம் பிடித்தால் அதில் அப்பாவின் வேலை தெரியும். அதனால் அவள் நெஞ்சை யாரும் பார்க்கக்கூடாது. அப்பாவும் அதையே நினைத்தார். ஆனால் வாயால் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவள் செய்தாள். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் நல்ல குடும்பம்.

ஒரு நாள் துவைக்கிற கல்லில் அம்மா ரத்தம் துப்பினாள். அப்போது வீட்டுக்கு வந்திருந்த சின்னம்மா அதைப் பார்த்துவிட்டாள். சின்னம்மா அம்மாவின் தங்கை. கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். அவள் புருஷன் கொத்தனார். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள், வாய் ஓயாது. ரத்தத்தைப் பார்த்து அவள்தான் அழுதாள், அவள்தான் அப்பாவோடு சண்டை போட்டாள், வழியையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் அவள் வீட்டு விலாசத்தைக் கொடுப்பது. அம்மாவின் புருஷன் கொத்தனார் என்று சொல்வது. அப்படியானால் மில்லுக்கு எப்படித் தெரியும்? அப்பா சரி என்றார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி என்பதை நான் பார்த்தேன்.

டி.பி. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். வழி முழுக்கச் சின்னம்மா பாடம் நடத்தினாள். புருஷன் என்ன வேலை, எந்தத் தெரு, பிள்ளைகள் எத்தனை.

"புருஷன் என்னா வேலைன்னா கொத்தனார்னு சொல்லணும். வாய் தவறி மில்லுன்னுடாத."

"ஒன் புருஷன எனக்குக் குடுக்கறியாடி?"

"வச்சுக்க எக்கா. குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு நீயே வச்சுக்க."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீளமான தாழ்வாரம். பெஞ்சில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சளி துப்ப ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி, முகத்தைத் திருப்பிக்கிட்டு இருமு என்று அம்மாவை அதட்டினாள். டாக்டர் கேட்டார், அம்மா சொன்னாள், அவர் எழுதினார். கொத்தனார். கருவடிக்குப்பம். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அப்பாவின் சட்டைகளோடு ஒரே கொடியில் காய்ந்த அம்மாவின் புடவை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது. கொத்தனார் பெண்டாட்டியின் புடவையில் சுண்ணாம்பு இருக்கலாம், பஞ்சு ஏன்? படித்த மனிதர். நிமிரவில்லை.

சளியில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயிலும் தெரிந்தது. வீட்டில் இருக்கிற எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் சாமர்த்தியத்தை நான் சொல்ல வேண்டும். சின்னம்மா அழைத்துக்கொண்டு போனாள். தன் புருஷனையும் தன் பிள்ளைகளையும். விலாசப்படி அவர்கள்தானே குடும்பம். கொத்தனார் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, பெண்டாட்டியின் அக்காவுக்குப் புருஷனாக வரிசையில் நின்று, இருமலே இல்லாத நெஞ்சிலிருந்து சளி வரவழைக்கப் பாடுபட்டார். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பறேன், ஒரு துப்பு துப்ப வரலையே என்று அவர் புலம்பியதைச் சின்னம்மா எங்கள் வீட்டில் நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து இருமி முடிக்கிற வரை யாரும் பேசாமல் காத்திருந்தார்கள்.

கொத்தனார் குடும்பத்தில் எல்லோருக்கும் சுத்தம் என்று முடிவு வந்தது. டாக்டருக்குத் திருப்தி. நோயைக் கொடுத்தவர் நெல்லித்தோப்பில் அம்மாவுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தார்.

அம்மா ஊசி போட்டுக்கொண்டாள். தினமும் போக வேண்டும். காதில் ஏதோ இரைகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்பாள். ஆனாலும் போனாள். ஊசிக் காலம் முடிந்து மாத்திரை மட்டும் என்று ஆன சமயத்தில் நான் நொத்தேர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு வெகுமுன்பே அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது. ரத்தம் நின்றது, இருமல் நின்றது, பசித்தது. ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு நடந்தே போனாள். வெயிலில், கூட்டத்தில், நடந்தே போய்த் தேர் பார்த்துவிட்டு, வளையல் அடுக்கிக்கொண்டு நடந்தே திரும்பி வந்தாள். அப்பா தெருவில் எல்லோரிடமும் அதைச் சொன்னார். என்ன நோய் என்று சொல்லாமல், தேறிவிட்டாள் என்று மட்டும் சொன்னார்.

தேருக்குப் பிறகு அவள் மாத்திரை வாங்கப் போகவில்லை. இருமலே நின்றுவிட்டது, இன்னும் எதற்கு என்று அப்பா கேட்டார். அவளுக்கும் அதுவே தோன்றியது. ஒவ்வொரு முறையும் கொத்தனார் பெண்டாட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு போய் நிற்பது அவளுக்கு அலுத்துவிட்டது. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாளைக்கு என்றாள். அடுத்த வாரம் என்றாள். அப்பா என்னிடம், ஆபீசுக்குப் போனதும் நீ டாக்டராயிட்டியா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இதை நியாயமாக எழுத வேண்டும். மருந்தைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப் போக ஆள் வைத்திருந்தார்கள். அந்த சுகாதார ஊழியர் சைக்கிளில் அம்மாவைத் தேடிப் போனார். கருவடிக்குப்பத்துக்குப் போனார்.

அன்று மாலை நான் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது சின்னம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னம்மா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். சைக்கிளில் வந்தவர் இறங்காமலேயே, டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி, அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். இதற்காகவும் எனக்குக் கோபம்தான். பூட்டிய வாயோடு வாழ்கிறவர்களைத் தேடி வருகிறவனுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரிய வேண்டாமா? வீட்டுக்காரி கீரையைக் கீழே வைத்துவிட்டாள். டி.பி. இருக்கிற வீடு என்று தெரிந்தால் மறுநாளே காலி செய்யச் சொல்வாள். சின்னம்மா யோசிக்கவில்லை. அவங்க எங்க அக்கா, செத்துட்டாங்க என்று சொல்லிவிட்டாள்.

"எக்கா, ஒன்ன இன்னிக்கு சாவடிச்சிட்டு வந்திருக்கேன்."

"எப்படிடி செத்தேன்? நல்லபடியா செத்தேனா?"

"எங்க, அவன் அதக்கூட கேக்கல. சைக்கிள திருப்பிகினு போயிட்டான்."

"அடப்பாவி. ஒரு வார்த்த, அய்யோ பாவம்னு சொல்லக் கூடாது?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

காக்கை தலையில் அடித்தால் ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தத் தோஷம் கழிய, அடிபட்டவர் செத்துவிட்டதாக உறவுக்காரர்களுக்கு ஆள் விட்டுச் சொல்வார்கள். அவர்கள் தலையிலும் வாயிலும் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் செத்தவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். வரவிருந்த சாவு அந்த அழுகையோடு போய்விட்டது என்று அர்த்தம். பொய்ச்சாவு சொன்னால் ஆயுசு கெட்டி. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் இதைத்தான் பேசினார்கள். யாரும் திட்டமிடாமலே அம்மாவுக்கு ஒரு பொய்ச்சாவு நடந்துவிட்டது, இனி அவளுக்கு ஒன்றும் வராது என்றார்கள். சின்னம்மா சூடம் கொளுத்தி அம்மாவைச் சுற்றிப் போட்டாள். அப்பா கடைக்குப் போய் எல்லோருக்கும் மிக்சர் வாங்கி வந்தார்.

நான் கத்தினேன். தேடி வந்த ஒரே ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டு மிக்சரா தின்கிறீர்கள் என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏண்டி, ஒங்கம்மா ஆயுசு கெட்டின்னு சொன்னா ஒனக்குக் கசக்குதா?"



அடுத்த மழைக்காலத்தில் இருமல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். இப்போது அவளுக்குப் புதிதாக ஒரு காரணம் இருந்தது.

"செத்தவ எப்படிடி போயி நிக்கறது? ஒன் சின்னம்மாவப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா? அவ வீட்டுக்கு மறுபடியும் ஆளு போனா?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். விளையாட்டில்லை. தங்கையின் பொய் வெளியே வரக்கூடாது. புருஷனின் நோய் வெளியே வரக்கூடாது. அவளுடைய நுரையீரல் மட்டும் வெளியே வரலாம், துண்டு துண்டாக. அப்பா தெரிந்தவர் ஒருவர் மூலம் தனியார் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் டானிக் எழுதினார், சத்து ஊசி போட்டார், முட்டை சாப்பிடச் சொன்னார். சளியைப் பரிசோதிக்கவில்லை. நோயின் பெயரையும் சொல்லவில்லை. பெயர் சொல்லாத டாக்டர்களுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர்.

கடைசியில் நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ரிக்‌ஷா பிடித்து, அம்மாவைத் தூக்காத குறையாக ஏற்றி, அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நெல்லித்தோப்பு வீட்டின் விலாசத்தைக் கொடுத்தேன். புருஷன் வேலை என்ன என்று கேட்டதற்கு மில், கார்டிங் என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு டாக்டர் இருந்தார். முன்பு மருந்து சாப்பிட்டாளா என்று கேட்டார். பாதியில் நிறுத்தியதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அரைகுறையாகச் சாப்பிட்டு நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், இனி அந்த மருந்து கேட்பது கஷ்டம், வேறு மருந்து எங்களிடம் அதிகம் இல்லை, பார்ப்போம் என்றார். இப்படி ஒன்று உண்டு என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். நிறுத்தாதே என்று அம்மாவிடம் முதலில் சொன்னார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லியிருந்தால்? சொல்ல நேரமில்லை போலிருக்கிறது. வரிசை நீளம்.

அம்மாவை வார்டில் சேர்த்தார்கள். நான் காலையும் மாலையும் போனேன். சின்னம்மா சோறு கொண்டு வந்தாள். அப்பா உள்ளே வரவில்லை. மில்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வெளிவாசலில் ஒரு மரத்தடியில் நிற்பார். ஷிப்ட் முடிந்து நேரே வருவார். புருவத்தில் பஞ்சு அப்படியே இருக்கும். வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மரம் தெரியும். அம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைப்பேன். அவள் பார்ப்பாள். அவர் கையைத் தூக்கமாட்டார்; தூக்கினால் யாரைப் பார்க்க வந்தார் என்று தெரிந்துவிடும். துண்டை எடுத்து உதறித் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்வார். அது அடையாளம். அதைப் பார்த்ததும் அம்மா படுத்துக்கொள்வாள். இதைக் கேட்டு உருகியவர்கள் உண்டு. எவ்வளவு பாசம் என்றார்கள். எனக்கு அந்த மரத்தை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

ஒரு மழை நாளில் அம்மா இறந்துபோனாள். உடலை நெல்லித்தோப்புக்குக் கொண்டு வந்தோம். தெருவில் பந்தல் போட்டார்கள். மில் ஆட்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து ஒரு பக்கம் நின்றார்கள். பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நடிப்பு இல்லை, அக்காவை அவ்வளவு நேசித்தவள் வேறு யாரும் இல்லை. அழுகைக்கு நடுவில் அவள் அந்தப் பொய்ச்சாவைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பொய்ச்சாவு சொன்னா யாராச்சும் அழுவணும் எக்கா. அன்னிக்கு ஒருத்தரும் அழுவலையே. எல்லாம் சிரிச்சமே. அதான் கழியாம நெசமா வந்துடுச்சே."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். ஆமாம், அழுதிருக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். யாராவது ஒருத்தராவது அழுதிருந்தால் போதுமே என்றாள் இன்னொருத்தி. அவர்கள் கணக்கில் தவறு அது ஒன்றுதான். விலாசம் தவறில்லை. நிறுத்திய மாத்திரை தவறில்லை. திருப்பி அனுப்பிய ஆள் தவறில்லை. அழ மறந்தது தவறு.

நான் எழுந்து நின்றேன். கத்தவில்லை. பந்தலில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"எங்கம்மாவுக்கு டி.பி. எங்கப்பாவுக்கும் டி.பி. அவருகிட்டேருந்துதான் வந்துது. மில்லுக்கே போவாதவளுக்கு மில் இருமல் எப்படி வரும்? யாராச்சும் சொல்லுங்க."

பறையடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பொணம் கெடக்கறப்ப பேசற பேச்சா இது என்று உறவுக்காரக் கிழவர் ஒருவர் முணுமுணுத்தார். அப்பா தலை குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில் ஆட்களில் சிலர் அவர் பக்கத்திலிருந்து ஒரு அடி தள்ளி நின்றார்கள். தினமும் அவரோடு ஒரே தூசை மூச்சிழுத்தவர்கள், ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள். அன்று அவர்களில் ஒருவர் இருமலை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

காரியம் முடிந்ததும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மறுக்கவில்லை. மறுக்க இனி என்ன இருந்தது? அவர் சளியில் கிருமி நிறைய இருந்தது; என்னையும் பரிசோதித்து, ஒன்றும் இல்லை என்றார்கள். ஊசி, மாத்திரை. தினமும் காலையில் அவர் மாத்திரையை விழுங்குகிற வரை எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். இருமல் நின்றபோது, இன்னும் எதற்கு என்று ஒரு நாள் கேட்டார். நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மறுபடியும் கேட்கவில்லை.

பயந்தபடியேதான் நடந்தது. மில்லில் அவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் இடத்தில் பதிலி நின்றான், பிறகு அந்த இடம் அவனுடையதாயிற்று. இப்படி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்ற பயம்தான் நோயைத் தெருத் தெருவாக வளர்த்தது என்பது மில்லில் இருந்த எந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அவர்களுக்கு என்ன? வாசலில் பதிலிகள் நின்றுகொண்டிருந்தார்கள். குணமான பிறகு அப்பா ஒரு மரவாடியில் காவல்காரராகச் சேர்ந்தார். என் சம்பளம் இருந்தது. சில மாதம் சிரமப்பட்டோம். பட்டினி கிடக்கவில்லை.

பட்டினி கிடக்கவில்லை. அம்மா எதற்குப் பயந்து செத்தாளோ அது வந்தது. வந்து, தாங்கக்கூடியதாக இருந்தது. அப்பா அதன் பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தார். அவர் நன்றாகச் சாப்பிட்டதை, நன்றாகத் தூங்கியதை, பேப்பர் படித்துவிட்டுச் சத்தமாக அபிப்பிராயம் சொன்னதை நான் பார்த்தேன். அவர் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதே மாத்திரை அம்மாவையும் இப்படி உட்கார வைத்திருக்கும் என்பது ஒவ்வொரு நாளும் கூடவே தெரிந்தது.

அவர் மில்லை விட்டுச் சில மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வரும்போது தெருமுனையில் ஒருவர் காத்திருந்தார். கார்டிங்கில் அப்பாவோடு வேலை செய்தவர். அன்று பந்தலில் வாயில் துண்டை வைத்துக்கொண்டவர். முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தார். சுற்றி வளைத்து அப்பாவைப் பற்றி விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை சளி பார்க்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். சொன்னதும் அவர் போய்விடவில்லை.

"வெலாசம் கேப்பாங்களா பாப்பா?"

"கேப்பாங்க."

"ஒங்க சின்னம்மா வூட்டு வெலாசம் இருக்குதில்ல, கருவடிக்குப்பத்துல. அது இன்னும் ஆவுமா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவர் விளையாடவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது வேண்டியிருந்தது. பந்தலில் நான் பேசிய பிறகு கதை முழுவதும் வெளியே வந்து, தெருவில் எல்லோருக்கும் அந்த விலாசம் தெரிந்திருந்தது. எல்லோரும் அதை ஒரு வசதியாகவே நினைத்து வைத்திருந்தார்கள்.

"அந்த வெலாசத்துல எங்கம்மா செத்துட்டாங்க," என்றேன். "ஒங்க வீட்டு நம்பர் என்னா?"

என்னோடு ஒரே தெருவில் இத்தனை வருடம் இருந்தவர். எனக்கு அவர் வீடு தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அதை அவர் வாயாலேயே சொல்லிக் கேட்க வேண்டும் என்று நின்றேன். தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்வதற்கு முன் அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.